சுவரில் எலுமிச்சம்பழம் பிழிந்தவர்

செஞ்சியில் ஆரோக்கியநாதன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. ஆசிட்காரர் வீடு என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவள்கூடக் கை நீட்டி வழி காட்டுவாள். அவர் உயர்நிலைப் பள்ளியில் லேப் அட்டெண்டர். பாட்டில் கழுவுவது, கண்ணாடிக் குழாய்களைத் துடைத்து மரச்சட்டத்தில் கவிழ்த்து வைப்பது, சயின்ஸ் வாத்தியார் கேட்கிற சீசாவை எடுத்துக் கொடுப்பது, அவ்வளவுதான் வேலை. அவரைப் பற்றி எழுத நீ யார் என்று கேட்பீர்கள். நான் மரியசெல்வி. அவரைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நின்றவள். அதனால் அவருக்கு என்ன ஆயிற்று என்று ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். எல்லாம் சுத்தப் பொய். எனக்குப் பொய்யைக் கேட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும், நானே சொன்ன பொய்யாக இருந்தாலும்.

அவர் நடப்பதைப் பார்த்தால் எனக்கு அந்தக் காலத்தில் பற்றிக்கொண்டு வரும். மனுஷன் தூக்கத்தில் நடப்பவர் மாதிரிதான் நடப்பார். காலையில் ராஜகிரி மலைமேல் வெயில் ஏறும்போது பாறைகள் கொஞ்ச நேரம் இளஞ்சிவப்பாக இருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துப் போகும். அதைப் பார்க்க நடுரோட்டில் சைக்கிளை நிறுத்திவிடுவார். பின்னால் அவலூர்பேட்டை பஸ் வந்து ஹாரன் அடிக்கும். டிரைவர் திட்டுவார். இவர் சிரித்துக்கொண்டே ஓரம் போவார். சாப்பிட உட்கார்ந்தால் புளிரசத்தில் ஒரு சங்குப்பூவைக் கிள்ளிப் போட்டு, நீலம் ஊதாவாகி, ஊதா சிவப்பாவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். ரசம் ஆறிப் போகும். அவருடைய அம்மா ராயம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

பள்ளிக்கூடத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போய் லேப் கதவைத் திறப்பார். ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் எடுத்துக்கொள்வார். அதில் ஒரு சின்னச் சீசாவிலிருந்து ஒரே ஒரு சொட்டு. சீசாவில் இருக்கும்போது அது வெறும் தண்ணீர் நிறம். சுண்ணாம்புத் தண்ணீரில் விழுந்ததும் டம்ளர் முழுக்க ரோஜா நிறம் விரியும். பிறகு ஒரு பப்பாளிக் குழலை அதில் வைத்து மெதுவாக ஊதிக்கொண்டே இருப்பார். ஊத ஊத அந்த நிறம் இளைத்து, இளைத்து, கடைசியில் இல்லாமலே போய்விடும். தண்ணீர் மட்டும் லேசாகப் பால் கலந்தது போல நிற்கும். நம் மூச்சிலேயே ஒரு புளிப்பு இருக்கிறதாம், அது சுண்ணாம்பின் காரத்தை அடக்கிவிடுமாம். ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் இவருக்கு மறை கழன்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். இதெல்லாம் கல்யாணப் பேச்சு முறிந்த பிறகுதான் ஊரார் சொல்லி எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் நான் அவரைப் பற்றி ஒன்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பாட்டில் கழுவுகிறவனுக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்தேன். அந்த வாய்க்கொழுப்புக்கு நான் பட்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் சுண்ணாம்புக்காரர் மகள். சிங்கவரம் போகிற வழியில் எங்கள் நைனா இருதயநாதனுக்குச் சூளை இருந்தது. மரக்காணத்திலிருந்து கிளிஞ்சல் வண்டி வண்டியாக வரும். கரியோடு அடுக்கி எரித்து எடுத்தால் கிளிஞ்சல் வடிவம் மாறாமல் அப்படியே வெளுத்திருக்கும், கையில் எடுத்தால் கனமே இருக்காது. அதன்மேல் தண்ணீர் ஊற்றுவதைத்தான் நீற்றுவது என்போம். ஊற்றிய ஒரு நொடி ஒன்றும் ஆகாது. பிறகு அடியிலிருந்து முனகும். நெருப்பே இல்லாமல் கொதிக்கும். ஆவி எழும்பி, சூளை, வண்டி, மாடு, நைனா எல்லாம் அதற்குள் மறைந்துபோய், நைனாவின் இருமல் சத்தம் மட்டும் கேட்கும். சின்ன வயதில் அந்த வெள்ளைக்குள் நின்றால் நான் எங்கேயோ வேறு ஊரில் இருப்பதாகத் தோன்றும். பெரியவளானதும் அந்த வேறு ஊருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. திண்டிவனம்.

திண்டிவனத்தில் டீச்சர் டிரெய்னிங். எஸ்.எஸ்.எல்.சி.யை முதல் தடவையிலேயே பாஸ் பண்ணியிருந்தேன். மனுப் போட்டு, இடம் கிடைத்து, ஜூலை முதல் வாரம் வந்து சேரவும் என்று கார்டும் வந்துவிட்டது. அது 1964. அந்தக் கார்டை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு பூசை நேரத்தில்கூட எடுத்து எடுத்துப் பார்ப்பேன். என் கை இரண்டும் சுண்ணாம்பு தின்று வெடித்திருக்கும். அந்தக் கையில் சாக்பீஸ் பிடித்து நிற்பது மாதிரி எனக்கு நித்தம் கனவு வரும்.

நைனாவுக்கு வேறு கனவு. ஒரு நாள் சாயங்காலம் வந்து, "ராயம்மா மவனுக்கு உன்னக் கேட்டுக்கிறாங்க. சர்க்கார் சம்பளம். ரிட்டயர் ஆனா பென்ஷன். இதுக்கு மேல இன்னா வேணும்?" என்றார்.

"எனக்கு டிரெய்னிங் வேணும் நைனா."

"அத்த அங்க போயிக் கேட்டுக்க."

அங்கே கேட்டாயிற்று. பெண் பார்க்க வந்த அன்றே என் அம்மா கேட்டாள். ராயம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு படிச்சி இன்னா பண்ணப் போவுது? அவன் கண்ணாடியக் கழுவுவான், இவ சட்டியக் கழுவட்டும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் அன்றைக்கு லேபில் வேலை என்று வரவேயில்லை. நான் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்தேன். அந்த அம்மாள் சொன்னதுதான் மகன் மனதிலும் இருக்கும் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மே மாதம் கடைசி ஞாயிறு நிச்சயம் என்று நாள் குறித்தார்கள். வெற்றிலைபாக்கு மாற்றிவிட்டால் திண்டிவனம் அவ்வளவுதான். எனக்கு ராத்திரியில் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் மாதத்தில் ஒரு ஞாயிறு பேதிக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டு. ஆத்துமத்துக்குப் பூசை, வயிற்றுக்குப் பேதி என்பார் நைனா. மருந்துக்கடையில் வெள்ளையாக ஒரு மாத்திரை விற்கும். அந்த மாதம் என் தங்கைக்கு அதைப் பொடித்துத் தேனில் குழைக்க வேண்டியிருந்தது. அவசரத்தில், வெற்றிலைச் சுண்ணாம்பு அரைக்கிற கல்லிலேயே வைத்துப் பொடித்துவிட்டேன். கல் ஈரமாக இருந்தது. குழவியை நகர்த்தினேன். அம்மாடி! கல் முழுக்கச் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டது. விரலை அறுத்துக்கொண்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். கழுவிப் பார்த்தால் விரலில் கீறல்கூட இல்லை. இன்னொரு மாத்திரையைப் பொடித்து வெறும் தண்ணீரில் போட்டேன், வெள்ளை. சுண்ணாம்பில் போட்டேன், சிவப்பு. காய்ந்த சுண்ணாம்பில் காய்ந்த பொடியைத் தேய்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சிவந்தது.

நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் சயின்ஸ் என்றால் கரும்பலகையில் வரைந்த குடுவைதான். அதனால் உலகத்திலேயே இதைக் கண்டுபிடித்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துவிட்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடித்தார்கள். சுண்ணாம்புக்காரர் வீட்டுச் சுவர் ஊரிலேயே வெளுப்பாக இருக்க வேண்டும் என்பது நைனாவின் மானப் பிரச்சினை. நடுக்கூடத்தில் மட்டும் மூன்று கை பூசினார். அதில் இயேசுவின் திருஇருதயப் படத்தைத் திரும்ப மாட்டினார். அதன் கீழேதான் பாய் போட்டுத் தட்டு மாற்றுவார்கள். உபதேசியார் லூர்துநாதன் வந்து ஜெபம் சொல்லி, படத்துக்கும் சுவருக்கும் பாயில் இருப்பவர்களுக்கும் தீர்த்தம் தெளிப்பார். எல்லார் வீட்டு நிச்சயத்திலும் அதுதான் வழக்கம். அதுவும் அவர் தெளித்தால் மழை மாதிரி தெளிப்பார்.

முந்தின நாள் சனிக்கிழமை மாப்பிள்ளையே சைக்கிளில் ஒரு வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு வந்து கூடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போனார். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாரும் தேவாலயத்துக்குப் போனதும், பன்னிரண்டு மாத்திரைகளை மாவாகப் பொடித்தேன். பஞ்சில் தொட்டு, படத்தின் கீழே சுவரில் ஓர் ஆள் அகலத்துக்குத் தேய்த்தேன். வெள்ளைமேல் வெள்ளை. எட்டி நின்று பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. படத்தில் இருந்த இயேசு நான் செய்வதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "மன்னிச்சிக்க ஆண்டவரே, எனக்கு வேற வழி தெரியல" என்று முழங்காலில் நின்று சொன்னேன்.

மறுநாள் எல்லாரும் வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், எலுமிச்சம்பழம், பூ, புடவை என்று தட்டுகள் வரிசையாக இருந்தன. அவரை அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தேன். ஒல்லியாக இருந்தார். விரல் நுனிகளில் மஞ்சள் மஞ்சளாகக் கறை, ஆசிட் பட்டது. பாயில் உட்கார்ந்து கூடத்துக்குள் விழுந்த வெயில் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியான தூங்குமூஞ்சி என்று நினைத்துக்கொண்டேன்.

உபதேசியார் ஜெபம் சொன்னார். செம்பில் இருந்த தீர்த்தத்தில் வேப்பங்கொத்தை நனைத்து, ஓங்கி ஒரு வீசு வீசினார்.

முதலில் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. அப்புறம் ஒவ்வொரு புள்ளியும் கீழே வழிய ஆரம்பித்தது. வெள்ளைச் சுவரில், படத்துக்கு நேர் கீழே, சிவப்பு இறங்கி இறங்கி வந்தது. நான் செய்தது என்று தெரிந்தும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு அழகாக இருந்தது, அவ்வளவு பயமாகவும் இருந்தது. உபதேசியார் கையிலிருந்து செம்பு நழுவி உருண்டது. யாரோ ஒருத்தி "ஐயோ, ரத்தம்!" என்றாள். இரண்டு பேர் புதுமை, ஆண்டவர் செய்த அற்புதம் என்று முழங்காலில் விழுந்தார்கள். இது நான் எதிர்பார்க்காதது. நல்ல வேளையாக ராயம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"சாமியே வேணாம்னு சொல்லுது. இந்த எடம் எங்களுக்கு வேணாம். எந்திரிடா!"

நைனா முகத்தில் ஈயாடவில்லை. தான் பூசிய சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேட்டது இதைத்தான், கிடைத்துவிட்டது, ஆனால் நைனாவை அப்படிப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். இனி இந்தச் சுவரைப் பற்றி ஊர் என்ன பேசும், இந்தப் பெண்ணைப் பற்றி என்ன பேசும், சுண்ணாம்பை எவன் வாங்குவான் என்பதெல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் மட்டும் எழுந்து மெதுவாகச் சுவரிடம் போனார். ஆட்காட்டி விரலால் அந்தச் சிவப்பைத் தொட்டார். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. தெரிந்தவரைச் சந்தையில் பார்த்தது போல ஒரு சந்தோஷம் இருந்தது. இவருக்குத் தெரிகிறது! செஞ்சியில் இருக்கிற இத்தனை ஆயிரம் பேரில் இப்படிப்பட்ட மருந்துகளோடு நித்தம் புழங்குகிற ஒரே மனுஷனிடம் போய் என் வித்தையைக் காட்டியிருக்கிறேன்.

அவர் திரும்பி ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் கையில் நின்றார். நகக்கண்ணில் வெள்ளைப் பொடி இருந்தது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன முகம் வைத்திருந்தேனோ, எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் மெதுவாக வடிந்து போயிற்று.

தட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, பாக்குவெட்டியால் இரண்டாக அறுத்தார். சுவரில் வைத்துப் பிழிந்தார். சாறு ஓடிய இடமெல்லாம் சிவப்பு போய் வெள்ளை வந்தது. ஓரத்தில் மறுபடி லேசாகத் துளிர்த்தது. அதற்கும் பிழிந்தார்.

"இது ரத்தமும் இல்ல, புதுமையும் இல்ல," என்றார். அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "சுண்ணாம்புல பட்டா செவக்கிற மருந்து. புளிப்பு பட்டாப் போயிடும். சுவத்துல ஒரு கொறையும் இல்ல. இவங்க சுண்ணாம்பு நல்ல சுண்ணாம்பா இருக்கறதாலதான் இவ்ளோ செவந்துது."

கூடம் முழுக்க ஒரே இரைச்சல். நைனாவுக்கு உயிர் வந்தது, கூடவே கோபமும் வந்தது. "எவன் வேல இது?" என்று கத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான், முடிந்தது, திண்டிவனமும் போயிற்று, மானமும் போயிற்று என்று நின்றேன்.

"நான்தான் பண்ணேன்," என்றார் அவர்.

கண்ணைத் திறந்தேன்.

"நேத்து வாழத்தார் கொண்டாந்தப்ப தடவிட்டுப் போனேன். ஸ்கூல் லேப் மருந்து. எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்ல. வாயால சொல்ற தைரியம் இல்ல. அதான்."

என் நெஞ்சில் இருந்த வார்த்தைகள் ஒன்று மாறாமல் அந்த மனுஷன் வாயிலிருந்து வந்தன. ராயம்மாள் அத்தனை பேர் முன்னால் பளார் என்று அவர் கன்னத்தில் அறைந்தாள். "இன்னாடா சொல்ற, பாவி! சாமி படத்தாண்டயாடா உன் வெளையாட்டு?" அவர் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. பிழிந்த எலுமிச்சை மூடிகளை வாழை இலையில் வைத்துவிட்டு, நைனாவைப் பார்த்துக் கும்பிட்டு, வெளியே போய்ச் சைக்கிளை எடுத்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பாட்டில் கழுவற பயலுக்கு எம்பொண்ணு வேணாமா? எம்பொண்ணு டீச்சராயி இந்தத் தெருவுல கொடை புடிச்சிக்கினு நடப்பா, அவன் பாத்துச் சாவட்டும்!" என்று ஜூலை முதல் வாரம் அவரே என்னைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஜெபப் புத்தகத்தில் இருந்த கார்டைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வெடித்த விரல்களால் எழுதியதில் கையெழுத்து கோணலாக வந்தது.

ஒரு மாதம் கழித்து அம்மா கடிதம் போட்டாள். நலம், நலமறிய அவா, சூளை நடக்கிறது, தங்கைக்கு ஜுரம் என்று எழுதிவிட்டுக் கடைசியில் இரண்டு வரி. ஆசிட்காரன் பள்ளிக்கூடத்து மருந்தைத் திருடினான் என்று ஊரெல்லாம் ஆகி, பெரிய வாத்தியார் கூப்பிட்டுக் கேட்டாராம், ஆமாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டானாம், லேபிலிருந்து எடுத்து மணி அடிக்கப் போட்டுவிட்டார்களாம், நன்றாக வேண்டும் அவனுக்கு.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஆஸ்டல் கிணற்றடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உண்மையை எழுதினால் மறுநாளே நைனா வந்து என்னை இழுத்துக்கொண்டு போவார். எழுதாவிட்டால் அங்கே ஒருத்தர் மணி அடிக்கிறார். நான் எழுதவில்லை. இரண்டு வருஷம் எழுதவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சுவரைப் பற்றிச் சொன்னேன். மணியைப் பற்றிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ராத்திரியில் கண் மூடினால் ஒரு டம்ளரும் சிவப்புத் தண்ணீரும் வரும், யாரோ ஊதிக்கொண்டே இருப்பார்கள், நிறம் போகவே போகாது.

அறுபத்தாறு ஏப்ரல் மாதம் டிரெய்னிங் முடிந்தது. வந்து இறங்கிய மறுநாளே சூளையிலிருந்து ஒரு பிடி சுண்ணாம்பைத் தேக்கிலையில் கட்டிக்கொண்டு, மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கிக்கொண்டு, நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியர் சுந்தரமூர்த்தி சார் பரீட்சைத் தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் பேசவில்லை. அவர் மேஜையில் சுண்ணாம்பை விரித்து, மாத்திரையைப் பொடித்துத் தூவி, அவர் குடிக்க வைத்திருந்த தண்ணீரிலிருந்து கொஞ்சம் ஊற்றினேன். மேஜை சிவந்தது.

"பேதி மாத்திரை சார். கடையில யார் வேணா வாங்கலாம். அன்னிக்கு எங்க வூட்டுச் சுவத்துல தடவினது நான். அவர் எந்த மருந்தையும் தொடல."

சார் கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தார். "எனக்குச் சந்தேகம் இருந்துது," என்றார். "சீசாவில அளவு கொறையவே இல்லையேடான்னு கேட்டேன். தண்ணி கலந்து வச்சிட்டேன்னான். அது ஸ்பிரிட்டுல கரைச்சது. தண்ணி கலந்தாப் பால் மாதிரி கலங்கிப்போயிடும். ஆனா அது கண்ணாடி மாதிரி தெளிஞ்சி இருந்துது. பொய் சொல்றான்னு தெரிஞ்சிது. எதுக்குச் சொல்றான்னுதான் தெரியல. எழுதிக் கொடுத்துட்டான், நான் இன்னா பண்றது?" பிறகு, "ஏம்மா, ரெண்டு வருஷம் ஆச்சே" என்றார்.

"அப்பவே சொல்லியிருந்தா என் படிப்ப நிறுத்தியிருப்பாங்க சார்."

அவர் பேனாவை எடுத்தார். வருகிற ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து ஆரோக்கியநாதன் லேபுக்குத் திரும்பலாம் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, "நீயே கொண்டுபோய்க் குடு" என்றார்.

வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதுதான் மணி. அதன் கீழே ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். வெயில் இலை வழியாக அவர்மேல் புள்ளி புள்ளியாக விழுந்து அசைந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தாளை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்துபோயிற்று. அன்றைக்குச் சுவரைப் பார்த்தபோது இருந்த அதே முகம்.

"எதுக்குச் சொன்னீங்க? நானே மறந்துட்டேன்," என்றார்.

"பொய் சொல்லாதீங்க," என்றேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் கோபம் என்றுகூடத் தெரியவில்லை. "மறந்துட்டீங்களாம்! நீங்க எதுக்கு உங்க மேல பழியப் போட்டுக்கினீங்க? நான் யாரு உங்களுக்கு?"

அவர் யோசித்தார். அவருக்கு எதற்கும் அவசரமே கிடையாது.

"லேப்ல நாங்க ஒரு சொட்டுதான் ஊத்துவோம் டீச்சர். ஒரு சொட்டுக்கே நல்லாச் செவந்துடும். நீங்க சுவத்துல ஆள் அகலத்துக்குத் தடவி வச்சிருந்தீங்க. அவ்ளோ வேணாம்னு சொல்ற பொண்ணக் கூட்டிக்கினு போயி நான் இன்னா பண்றது?"

டீச்சர் என்று என்னை முதன்முதலில் கூப்பிட்டவர் அவர்தான்.

"உங்கள வேணாம்னு இல்ல," என்றேன். "திண்டிவனம் போவணும். அதுக்குத்தான்."

"படிக்கவா?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "மனசுல வேற யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன். படிக்கவா பண்ணீங்க?"

"உங்கம்மா வேணாம்னுட்டாங்களே."

"எங்கம்மா சொன்னாங்க. நான் சொல்லலையே." அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. "வாழத்தார் கொண்டாந்தன்னிக்கி நீங்க வெளிய வருவீங்கன்னு ரொம்ப நேரம் நின்னேன். ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா, ரெண்டு வருஷம்தானே, படிச்சி முடிச்சிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன்."

இரண்டு வருஷம் அவர் காத்திருந்திருப்பார். இந்த மனுஷன் நிச்சயம் காத்திருந்திருப்பார். ரசம் ஆறிப்போவது தெரியாமல் ஒரு பூ நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு இரண்டு வருஷம் பெரிதா? பன்னிரண்டு மாத்திரையைப் பொடித்தவள், ஒரு தடவை வாயைத் திறந்து கேட்கவில்லை.

"உங்களுக்கு…" என்று ஆரம்பித்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. "போன தை மாசம் எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சி டீச்சர். அனந்தபுரத்துப் பொண்ணு. நல்லவ," என்றார்.

"ரொம்ப சந்தோஷம்," என்றேன்.

மணி அடிக்கிற நேரம் வந்துவிட்டது. அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரும்புத் தடியை எடுத்துத் தண்டவாளத்தில் நிதானமாக அடித்தார். பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். நான் அவர்களுக்கு நடுவில் புகுந்து வெளியே வந்தேன். அவருக்கு லேப் திரும்பக் கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். எனக்கு அவர் கிடைக்காமல் போனதில் வயிறு எரிந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சிங்கவரம் வரைக்கும் நடந்தேதான் போனேன், வழி நெடுக அழுதுகொண்டே போனேன். சூளையில் நைனா, கண்ணில் சுண்ணாம்பு பட்டுவிட்டதா என்று கேட்டார். ஆமாம் நைனா என்று சொன்னேன்.